குடைமிளகாயைத் தாண்டி இனிப்பு மிளகாய் ரகங்கள்: அரை ஏக்கருக்கு எது கட்டுப்படியாகும்?

தளி ரோடு (தேன்கனிக்கோட்டை பக்கம்)

வணக்கம். எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்தை எட்டிப் பார்த்தாலும் பசுமைக்குடில்தான். உள்ளே குடைமிளகாய், சிவப்புக்குப் பாம்பி ரகம், மஞ்சளுக்கு ஓரோபெல் ரகம். பெட்டி கட்டி ராத்திரியே பெங்களூருக்கு ஏற்றிவிடுகிறார்கள். என்னிடம் இருப்பது அரை ஏக்கர். அதில் 10 சென்ட் நிழல்வலை, மிச்சம் திறந்தவெளி, சொட்டுநீர் உண்டு. ஏக்கர் கணக்கில் குடில் போட்டவர்களோடு மண்டியில் போய் நின்றால் எனக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சதுரக் குடைமிளகாயை விட்டுவிட்டு வேறு இனிப்பு ரகம் போடலாம் என்று யோசனை. பார்த்து வைத்திருப்பவை: மாட்டுக்கொம்பு வடிவில் வரும் இத்தாலிய ரகங்கள் (கார்மென், எஸ்கமிலோ), ஜிம்மி நார்டெல்லோ, ஜப்பானின் சிசிட்டோ, அப்புறம் ஸ்நாக் மிளகாய் என்று விற்கிற குட்டிகள். வாராவாரம் வீடுகளுக்குக் காய்கறிப் பெட்டி அனுப்பும் ஒரு குழுவும் இரண்டு ரெஸ்டாரன்ட்காரர்களும் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். அந்தப் "பார்க்கலாம்" எவ்வளவு தூரம் வரும் என்பது தனிக் கதை.

போட்டு விற்றவர்கள் சொல்லுங்கள். ருசி இரண்டாம்பட்சம். எத்தனை நாளில் கையில் காசு, பறிக்க எத்தனை ஆள், கழிவு எவ்வளவு, இதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மேட்டுநிலம் (ஓசூர்)

தம்பி, நான் குடில்காரன்தான், ஆனாலும் உங்கள் யோசனை சரியென்றே படுகிறது. குடைமிளகாயில் சின்ன விவசாயி எங்கே அடிபடுகிறான் என்று சொல்கிறேன். அதை வைத்து மற்ற ரகங்களை எடை போடுங்கள்.

நட்ட 60, 70 நாளில் பச்சைக் காய் திரண்டுவிடும். அது முழுச் சிவப்பாக மேலும் மூன்று வாரம், குளிரில் அதற்கு மேலும் ஆகும். வம்பெல்லாம் அந்த மூன்று வாரத்தில்தான். இலை மறைப்பு இல்லாத பக்கம் வெயில் பட்டால் தோல் வெள்ளையாக வெந்துபோகும். தண்ணீர் ஒரு நாள் தாராளம், ஒரு நாள் காய்ச்சல் என்று விட்டால் பூமுனை கறுத்து அழுகும். மண்ணில் கால்சியம் இருந்தாலும் காய்க்கு ஏறாது. காய்ப்புழு ஓர் ஓட்டை போட்டால் 200 கிராம் காய் குப்பைக்குப் போகும். போதாததற்கு, நிறம் மாறட்டும் என்று காய்களைச் செடியிலேயே விட்டுவைத்தால் மேலே வரும் பூ உதிரும், செடி அத்தனைக்கும் சேர்த்துச் சோறு போடாது. சரி, பச்சையாகவே பறித்துவிடலாம் என்றால் அங்கே இந்திரா என்ற பச்சைக் குடைமிளகாய் ரகத்தைத் திறந்தவெளியில் போட்டவர்கள் ஏற்கெனவே லோடு லோடாக இறக்கியிருப்பார்கள்.

குடிலில் செடிக்கு இரண்டோ நான்கோ கிளை மட்டும் விட்டு, கயிறு கட்டி, முதல் கவட்டில் வரும் பூவைக் கிள்ளி, எட்டு பத்து மாதம் ஓட்டினால் கணக்கு நேராகும். நிழல்வலையில் அவ்வளவு நாள் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆகவே நீங்கள் எந்த ரகத்தைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது நிறம் மாறுவதற்காகக் காத்திருக்க வேண்டியதா, எவ்வளவு நாள்?

வெண்பனித் தோட்டம் (ஒன்டாரியோ)

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்போது ஒன்டாரியோவில் மரக்கறி செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறோம். தம்பி சொன்ன நாலு வகையும் செய்திருக்கிறேன். எங்களுக்குக் காலம் சின்னது. மார்ச்சில் உள்ளே தட்டில் விதை போட்டு, மே கடைசியில் உறைபனிப் பயம் போன பிறகு நட்டு, அடுத்த உறைபனிக்கு முன்னம் எல்லாம் பறித்து முடிக்க வேண்டும். ஆகவே மேட்டுநிலம் அண்ணா கேட்ட கேள்விதான் எங்களுக்கும் முதல் கேள்வி.

அதில் கார்மென் நல்ல பிள்ளை. நட்டு 60 நாளில் பச்சை, 80 நாளில் சிவப்பு என்று விதைப் பட்டியலில் இருக்கும், எங்கள் நிலத்திலும் கிட்டத்தட்ட அதேதான். ஆறு அங்குல நீளம், 140 கிராம் அளவு. 2006இல் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற புது ரகத் தேர்வில் பரிசு வாங்கினது. மஞ்சளில் எஸ்கமிலோ 2016இல் வாங்கினது. இந்தக் கொம்பு வகையில் ஒரு வசதி, பாதி சிவந்து பாதி பச்சையாக இருக்கும்போதே பறித்தாலும் இனிப்பு இருக்கும், ஆக்கள் வாங்குவார்கள். காய் கீழே பார்த்துத் தொங்குவதால் இலை நிழல் கிடைக்குது, வெயில் வேக்காடு குறைவு. இங்கே ஷெப்பர்ட் மிளகாய் என்று ஒரு நீளச் சிவப்பு வகை சந்தைகளில் பேர்போனது. கோடை முடியிற நேரம் இத்தாலிய, போர்த்துக்கீச, பால்கன் குடும்பங்கள் பெட்டிக் கணக்கில் வாங்கிப்போய் நெருப்பில் சுட்டுத் தோலுரித்துப் போத்தலில் அடைப்பார்கள். கார்மெனை அதற்குப் பக்கத்தில் வைத்தால் தானாகப் போகும்.

ஜிம்மி நார்டெல்லோவின் சிக்கல் அதன் தோற்றம். ஒல்லியாக, சுருங்கி, வளைந்து, பார்த்தால் நல்ல உறைப்பு மிளகாய் என்றுதான் நினைப்பார்கள். எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார்கள். ஒரு சட்டியில் ஒலிவ் எண்ணெய் விட்டு, முழுசாகப் போட்டு, தோல் கொஞ்சம் பொரிந்து வரும்போது உப்புத் தூவி ருசி பார்க்கக் கொடுத்தால் அண்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. வாராவாரம் அடுப்போடு சந்தைக்குப் போக ஏலுமா என்பது வேறு விசயம்.

ஸ்நாக் மிளகாய் பிள்ளைகளுக்கு உயிர். விதை குறைவு, அப்படியே கடிக்கலாம். ஆனால் ஒன்று 30 கிராமும் வராது. ஒரு பெட்டி கார்மென் நிரம்பும் நேரத்தில் இதில் பெட்டியின் அடி மூடும், அவ்வளவுதான். காம்பைப் பிடித்து இழுத்தால் சின்னக் கிளையும் சேர்ந்து வரும், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். முழு நிறம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும், ஏனென்றால் பச்சையில் இதற்கு ஒரு ருசியும் இல்லை. வீட்டு ஆக்களே பறித்தால் மட்டும் செய்யுங்கள்.

சிசிட்டோவில் காத்திருப்பே இல்லை. பச்சையில், ஏழு எட்டு சென்டிமீட்டரில் பறிக்கிறது. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் கட்டாயம் பறிக்க வேண்டும், விட்டால் பெருத்து, தோல் தடித்து, விதை முற்றிவிடும்.

தளி ரோடு

அக்கா, கேட்ட கேள்விக்கு ஒன்று விடாமல் பதில் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. உரிமையாக இன்னொன்று கேட்கிறேன். கார்மெனும் நார்டெல்லோவும் ஒரு கவரில் போட்டு அனுப்ப முடியுமா? தபால் செலவு நான் தருகிறேன்.

விதைப்பெட்டி (திண்டுக்கல்)

அக்கா பதில் எழுதும் முன் குறுக்கே வருகிறேன். அனுப்பாதீர்கள், வாங்காதீர்கள். வெளிநாட்டு விதை இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றடைப்பு ஆணை இது. கவர்தானே என்று நினைக்க வேண்டாம். தக்காளியையும் மிளகாயையும் பிடிக்கும் பழுப்புச் சுருக்க வைரஸ் விதை வழியாகவே நாடு தாண்டுகிறது. ஒரு கவர் விதையால் உங்கள் பக்கத்துக் குடில்காரர்கள் அழ வேண்டாம். இங்கேயே முறையாகத் தருவித்து விற்பவர்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கார்மென், எஸ்கமிலோ இரண்டும் வீரிய ஒட்டு. விதை எடுத்தால் அடுத்த தலைமுறை நாலா பக்கமும் சிதறும், ஆண்டுதோறும் வாங்கியாக வேண்டும். ஜிம்மி நார்டெல்லோ அப்படி இல்லை, குடும்ப விதை. இத்தாலியின் தெற்கே உள்ள பசிலிகாத்தாவிலிருந்து 1887இல் ஒரு தம்பதி அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குக் கப்பலேறியபோது கூடவே போன மிளகாய். அவர்கள் மகன் ஜிம்மி அதைக் கடைசிவரை வளர்த்து, 1983இல் இறப்பதற்கு முன் சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைக் காப்பகத்துக்குக் கொடுத்தார். பெயர் அவருடையது. சதை மெல்லிசு என்பதால் காயவைக்கவும் தோதானது, விற்காமல் நின்றதை வற்றல் போட்டுவிடலாம். தடித்த சதைக் குடைமிளகாயை நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் பூசணம்தான் பிடிக்கும்.

உள்நாட்டுச் சரக்கையும் மறக்க வேண்டாம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கௌரவ் ஆரஞ்சு மஞ்சளாகப் பழுக்கும், பாக்டீரியா வாடலை ஓரளவு தாங்கும். அர்கா பசந்த் கூம்பு வடிவம், வெளிர் கிரீம் நிறத்தில் தொடங்கி ஆரஞ்சுச் சிவப்பாகும். யாரும் பேசுவதே இல்லை, ஆனால் பெட்டியில் வைத்தால் அதுவும் "ஸ்பெஷல்" ரகம்தான். முன்பு தக்காளியோ கத்தரியோ வாடலில் போன நிலம் என்றால் நான் முதலில் கௌரவைத்தான் பார்ப்பேன்.

சந்தைக் கணக்கு (ஒட்டன்சத்திரம்)

எல்லாம் சரி, ஒன்றை யாரும் சொல்லவில்லையே. பக்கத்து வயலில் கார மிளகாய் இருந்தால் இனிப்பு மிளகாயும் காரம் ஏறிவிடும். எங்கள் ஊரில் அனுபவத்தில் கண்டது. தேன்கனிக்கோட்டைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு நடட்டும்.

விதைப்பெட்டி

சார், பார்த்தது உண்மையாக இருக்கலாம், காரணம் அது இல்லை. காரம் உற்பத்தியாவது காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். அது தாய்ச்செடியின் உடம்பு. தேனீ கொண்டுவந்த மகரந்தம் விதைக்குள் இருக்கும் கருவை மாற்றுமே தவிர, இந்த ஆண்டுக் காயின் சதையைத் தொடாது. காரம் என்பது ஓங்கு பண்பு, இனிப்பு ஒடுங்கு பண்பு. அதனால் அந்தக் கலப்பு விதையை எடுத்து அடுத்த ஆண்டு நட்டால் வருகிற செடி காரமாகத்தான் காய்க்கும். உங்கள் ஊரில் யாரோ சொந்த விதை எடுத்து நட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விற்பனைக்கு மட்டும் போடுபவர் பக்கத்து வயலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. விதை எடுப்பவர்தான் பார்க்க வேண்டும்: சான்று விதைக்கு 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுத் தேவைக்கு என்றால் பூ விரியும் முன்பே இரண்டு செடியைக் கொசுவலையால் மூடினால் போதும், மிளகாய் தன் பூவிலேயே காய் பிடிக்கும்.

சிசிட்டோவும் ஸ்பெயினின் பத்ரோனும் மட்டும் வேறு கதை. அவற்றில் காரம் முழுதாகப் போகவில்லை, அங்கொன்று இங்கொன்று சுருக்கென்று இருக்கும். செடி தண்ணீருக்கு ஏங்கினாலும் வெயில் ஏறினாலும் காய் முற்றினாலும் கார எண்ணிக்கை கூடும். ஏப்ரல் சிசிட்டோவை இனிப்பு என்று எழுதி விற்காதீர்கள்.

மேல்மலை (மன்னவனூர்)

மலையில் போடலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெயில் பிரச்சினை எங்களுக்கு இல்லை, ராத்திரிக் குளிர்தான் பிரச்சினை. இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. காய் பிடிக்கும், ஆனால் பொத்தான் மாதிரித் தட்டையாக, உள்ளே விதையே இல்லாமல் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் சதுரக் குடைமிளகாயில் இது நிறைய வரும், நுனி உள்ளே குழிந்து அசிங்கமாக இருக்கும். நீள ரகங்களில் அதே கோளாறு வந்தாலும் கொஞ்சம் குட்டையாகி வளைவதோடு போய்விடுகிறது, வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எதிர்ப்பக்கம், பகல் 32, 33 டிகிரி தாண்டி இரவும் சூடாகவே இருந்தால் பூ கொட்டும். ஓசூர் மேட்டில் இரண்டு தொல்லையும் குறைவு. உங்களைப் பார்த்தால் பொறாமைதான்.

அடுப்படி (பெங்களூரு, ரெஸ்டாரன்ட் சமையல்)

வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு குரல். "பார்க்கலாம்" என்று சொல்லும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

சிசிட்டோ என்றால் எங்களுக்கு வேண்டியது ஒரே அளவு. காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் காட்டி ஒரு கைப்பிடி போடுகிறோம், தோல் கொப்பளித்து அங்கங்கே கருக வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதில் ஐந்து சென்டிமீட்டரும் பன்னிரண்டு சென்டிமீட்டரும் கலந்திருந்தால் ஒன்று கரியாகும், ஒன்று வேகாது. காம்பு பச்சையாக, முழுசாக இருக்க வேண்டும், சாப்பிடுபவர் அதைப் பிடித்துத்தான் கடிப்பார். கழுவி ஈரத்தோடு கவரில் அடைத்து அனுப்பினால் அடுத்த நாளே காம்பில் பூசணம் வரும், கழுவாமல் அனுப்புங்கள்.

சுட்டுத் தோலுரிக்கும் வேலைக்குக் கொம்பு மிளகாய் அருமை. பள்ளம் மேடு இல்லாததால் தணலில் சீராகக் கருகும், தோல் ஒரே இழுப்பில் வரும். சதுரக் காயில் மடிப்புக்குள் தோல் மாட்டிக்கொண்டு பையன்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். கடைகளில் பலேர்மோ என்ற பெயரில் நீளச் சிவப்பு கிடைக்கும் நாட்களில் நான் குடைமிளகாய் வாங்குவதே இல்லை. ஆனால் ஒன்று, ஒரு வாரம் 10 கிலோ கொடுத்துவிட்டு அடுத்த வாரம் இல்லை என்றால் மெனுவில் போட முடியாது. கொஞ்சமாக இருந்தாலும் வாராவாரம் வர வேண்டும்.

சந்தைக் கணக்கு

காரம் ஏறும் விசயத்தில் விதைப்பெட்டி சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொரு கேள்வி. பஜ்ஜி மிளகாய் என்று ஒன்று நம்மிடமே இருக்கிறதே, அது இனிப்பு ரகத்தில் சேராதா? வெளிர் பச்சை, நீளம், காரம் பெயருக்குத்தான். பச்சையிலேயே பறிக்கிறோம், திறந்தவெளியில் வருகிறது, சாயங்காலக் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் வாங்குகிறார். இத்தாலி, ஜப்பான் என்று அலைகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கொம்பு மிளகாய்க்கு ஆள் கிடைக்காத வாரம் இது காப்பாற்றும்.

வெண்பனித் தோட்டம்

அண்ணா சொன்னது சரி. யாழ்ப்பாணத்தில் அதன் உறவுக்காரி கறிமிளகாய். இலங்கை விவசாயத் திணைக்களத்தின் சி.ஏ.-8, ஹங்கேரியன் யெலோ வாக்ஸ் எல்லாம் அந்த வகைதான். உள்ளே கிழங்கும் கருவாடும் அடைத்துப் பொரிப்பதற்கும், பால் விட்டுக் கறி வைப்பதற்கும் டொராண்டோவின் ஸ்காபரோ ஆக்கள் தேடித் தேடி வாங்குவார்கள். இங்கே அதற்குப் பதில் சுவீட் பனானா, கியூபனெல் செய்கிறோம். விதை வாங்கும்போது கவனம், ஹங்கேரியன் வாக்ஸ் என்ற பெயரில் உறைப்பானதும் வருகுது, உறைப்பில்லாததும் வருகுது. பைக்கற்றைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து விற்றால் அந்த ஆள் பிறகு உங்கள் மேசைப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

மேட்டுநிலம்

ரகம் பேசிக்கொண்டே போகிறோம், இலைப்பேனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2015இல் பெங்களூரில் பப்பாளியில் முதலில் கண்ட பார்விஸ்பைனஸ் என்ற கருப்புப் பேன் 2021, 22இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைத் துடைத்துவிட்டுப் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது பூவுக்குள் குடியிருக்கும், மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. சாயங்காலம் நாலு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், எள் சிதறின மாதிரி ஓடும். இலை மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டால் பேன், கீழ்நோக்கி மடங்கிக் காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. இதைப் பிரித்துத் தெரியாமல் பேன் மருந்தைச் சிலந்திக்கு அடித்துக் காசை விடுகிறவர்கள் நிறைய. சிலந்திக்கும் சாம்பல் நோய்க்கும் நனையும் கந்தகம் போதும், கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையில் அடியுங்கள். சாம்பல் நோய் மிளகாயில் இலையின் அடியில்தான் தெரியும், மேலே மஞ்சள் திட்டு மட்டும் இருக்கும், பாதி இலை கொட்டிய பிறகுதான் பலர் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பேன் வந்த செடியில் சதுரக் காயின் காம்படியில் பழுப்பாகத் தழும்பு விழும், இரண்டாம் தரம். சிசிட்டோவில் அதே தழும்பு இன்னும் பளிச்சென்று தெரியும், அதை ரெஸ்டாரன்ட்காரர் எடுக்க மாட்டார். சின்னக் காய் என்றால் பூச்சிக் கவலை குறைவு என்று நினைக்காதீர்கள்.

தளி ரோடு

இவ்வளவும் படித்த பிறகு நான் நினைத்திருந்ததில் பாதி மாறிவிட்டது. ஸ்நாக் மிளகாய் இந்த முறை வேண்டாம், பறிக்க என் வீட்டில் நானும் அம்மாவும்தான். நிழல்வலைக்குள் பெரும்பகுதி கொம்பு மிளகாய், சிவப்பும் மஞ்சளும். இரண்டு பாத்தி சிசிட்டோ, அதையும் ஒரே நாளில் நடாமல் மூன்று வார இடைவெளி விட்டு இரண்டு தவணையாக. அடுப்படி சார் கேட்ட மாதிரி வாராவாரம் கொடுக்க அதுதான் வழி. நார்டெல்லோ ஒரு வரிசை, விற்காவிட்டால் வற்றல். வெளியே பஜ்ஜி மிளகாய். வாடல் வந்த மூலை ஒன்று இருக்கிறது, அங்கே அர்கா கௌரவ் கிடைத்தால் போடுவேன்.

ஆகஸ்டில் குழித்தட்டில் விதைத்தால் செப்டம்பரில் நடலாம், பறிப்பு நவம்பரில் தொடங்கும். இதில் ஏதாவது இடிக்கிறதா?

மேட்டுநிலம்

நாள் சரி. ஐப்பசி மழைதான் இடிக்கும். நிழல்வலை மழையைத் தடுக்காது, சொட்டுச் சொட்டாக அதே மழை உள்ளே விழும். பழ அழுகலும் வேரழுகலும் அப்போதுதான் பிடிக்கும். பாத்தியை ஓரடி உயர்த்தி மல்ச்சிங் ஷீட் விரியுங்கள், மேலே பாலித்தீன் கூரை மட்டும் சின்னதாகப் போட முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் வலை எத்தனை சதவீத நிழல்?

தளி ரோடு

50 அண்ணா. முன்பு கீரை நாற்றுக்காகப் போட்டது.

மேட்டுநிலம்

மிளகாய்க்கு 50 அதிகம். அதுவும் மழை மூட்டத்தில் செடி வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், கணுவுக்குக் கணு இடைவெளி விழும், பூ குறையும். 35 போதும். புது வலை வாங்க இப்போது காசு இல்லை என்றால் இருப்பதைச் சுருட்டி ஓரமாகக் கட்டிவிட்டு, பக்கவாட்டுப் பூச்சிவலையை மட்டும் விடுங்கள். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறும்போது விரித்துக்கொள்ளலாம். கம்பி தளர்ந்திருந்தால் இப்போதே இழுத்துக் கட்டிவிடுங்கள், காய் பிடித்த பிறகு உள்ளே ஏணி வைக்க இடம் இருக்காது.